பிளேசர் தங்கத்துக்கு ‘கொழிபொன்’ சரிவருமா?

> பிளேசர் கோல்டு = வண்டல் தங்கம், பேனிங் = சலித்தல் என்று வைத்துக்கொள்ளலாமா?

இரண்டுமே எனக்கு உறுத்துகிறது ஐயா. பிளேசர் தங்கம் என்பது நீர் அடித்துவந்து மணலிலும் சரளையிலும் சேர்க்கும் பொன்; பேனிங் என்பது அதைத் தட்டில் (பேன்) நீரோடு அலசிப் பிரிப்பது.

வண்டல் என்றால் வெள்ளம் வடிந்தபின் வயலில் படியும் மென்சேறு. தங்கம் அதில் அவ்வளவாகத் தங்காது. தண்ணீரைவிட அது 19 மடங்கு கனம்; ஆற்று மணலில் பெரும்பங்கான குவார்ட்ஸ் 2.65 மடங்குதான். ஆகவே ஓட்டம் தளர்கிற உள்வளைவிலோ, பெரிய பாறைக்குப் பின்னாலோ சரளையோடு இறங்கி, அடிப்பாறை வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது சலித்தல். நான் இருப்பது மெல்போர்னில். இங்கே விக்டோரியா மாநிலத்தில் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற உரிமச்சீட்டு எடுத்தால், அனுமதியுள்ள ஓடைகளில் கைக்கருவியோடு யாரும் தங்கம் தேடலாம்; 10 ஆண்டு செல்லும். போன கோடையில் பீச்வொர்த் பக்கம் ரீடி கிரீக்கில் ஒரு பகல் முழுக்கக் குனிந்து கிடந்தேன். கிடைத்தது மூன்று பொட்டு. மூன்றையும் சேர்த்தாலும் ஒரு கடுகு தேறாது. ஆனால் வேலையின் படிகள் புரிந்தன.

முதலில் சரளையைச் சல்லடையில் போட்டுக் கல்லை நீக்குவது: இதுதான் சலித்தல். பிறகு தட்டை நீருக்குள் அமிழ்த்தி, குலுக்கி, சாய்த்துச் சாய்த்து மேல்மணலை வெளியே விடுவது. கூட வந்தவர் இதைச் செய்துகாட்டியபோது எனக்கு அம்மா அரிசி களைந்தது நினைவுக்கு வந்தது. அரிக்கன்சட்டியின் உட்புறம் வரிவரியாக இருக்கும். அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் வரியில் நின்றுவிடும். தங்கத்தட்டிலும் அதே வரிகள், அதே கைப்பக்குவம். எறிய வேண்டிய கல்லின் இடத்தில் பொன், அவ்வளவுதான். ஆகவே பேனிங் = அரித்தல், பேன் = அரிசட்டி.

கடைசியில் தட்டில் கருமணல் மட்டும் மிஞ்சும். சொட்டு நீர் விட்டு மெல்லச் சுழற்றினால் கருமணல் முன்னே நகர, பொன் பின்தங்கி மின்னும். முறத்தில் கொழிப்பதும் இப்படித்தான். ஆறும் அதையேதான் செய்கிறது. காவிரியைப் பட்டினப்பாலை ‘புனல் பரந்து பொன் கொழிக்கும்’ என்கிறதே! அதனால் பிளேசர் தங்கம் = கொழிபொன். ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. கடற்கரை மணலில் கிடைப்பதற்கும் பொருந்தும். ‘ஆற்றுப்பொன்’ அங்கே இடிக்கும்.

---

> அரித்தல் = பேனிங்

அரிசட்டி அருமை. ஆனால் யாராவது ‘பொன் அரிப்பு’ என்று எழுதிவிட்டால் பொன்னைத் துரு அரித்தது என்றோ, தோல் ஒவ்வாமை என்றோ படிப்பார்கள். மண் அரிப்பு வேறு இருக்கிறது.

---

உண்மைதான் அம்மா. அகராதியில் ‘பொன்னரித்தல்’ என்றே பதிவோம், செய்பவர் பொன்னரிப்பவர். ‘அரிப்பு’ வேண்டவே வேண்டாம்.

இன்னும் ஒன்று பாக்கி: ஓடைக்குள் வைக்கும் சரிவான ஸ்லூஸ் பெட்டி. அதன் அடியிலும் குறுக்கு வரிகள்தான். ஓடும் நீரே அரித்துக் கொடுத்துவிடும். ‘அரிவாய்க்கால்’ என்று பார்த்தேன், அரிவாள் மாதிரி ஒலிக்கிறது. ‘அரிதொட்டி’? யாராவது சொல்லுங்கள்.