கார்னாபா வேக்ஸ் போட்டதுல பேனட் மட்டும் மங்கலா, பிசுக்கா நிக்குதுங்க. எங்கே தப்பு?

பெருந்துறை செடான் | ஞாயிறு, இரவு 9.10

வண்டி: கருப்பு செடான், 4 வருஷம் ஆச்சு. இடது முன் ஃபெண்டர் மட்டும் 3 வாரத்துக்கு முன்னாடி ஒரு பட்டறையில டிங்கரிங் பண்ணிப் பெயின்ட் அடிச்சது. மத்ததெல்லாம் கம்பெனி பெயின்ட்.

வேக்ஸ்: 200 கிராம் பேஸ்ட் டப்பா, ₹3,200. மூடியில "100% கார்னாபா"ன்னு போட்டிருக்குது.

செஞ்சது: காலைல ஈரோடு போயிட்டு வந்ததும் போர் தண்ணியில ஷாம்பு வாஷ். துடைச்சுட்டு 10 மணிக்கு வாசல்ல வெச்சு பேனட்ல ஆரம்பிச்சு, வண்டி முழுக்க பூசி முடிச்சு, திரும்ப பேனட்டுக்கு வந்து பனியன் வேஸ்ட்ல துடைச்சது. டப்பாவுல கால்வாசி காலி. சாயந்தரம் தூசு படிஞ்சதுன்னு ஹோஸ்ல தண்ணி அடிச்சு அப்படியே காய விட்டது.

இப்ப இருக்கிற நிலைமை:
பேனட்ல பால் சிந்தின மாதிரி திட்டு. துடைச்சா போகுது, கோணம் மாத்திப் பார்த்தா வானவில் கலர்ல பிசுக்குத் தெரியுது. ரூஃப்லயும் பேனட்லயும் பொட்டுப் பொட்டா வெள்ளை வளையம். வைப்பர் கீழ இருக்கிற கருப்பு பிளாஸ்டிக்ல வெள்ளைக் கோடு. புது பெயின்ட் அடிச்ச ஃபெண்டர் மட்டும் சோர்ந்த மாதிரி இருக்குது. நிழல் விழுந்த பக்கத்துக் கதவு ரெண்டும் அருமையா வந்திருக்குதுங்க.

ஏனுங்க, டப்பா டூப்ளிகேட்டா? முழுசா எடுத்துட்டு மறுபடி போடணுங்களா?

---

அவிநாசி ரோடு | ஞாயிறு, இரவு 9.32

துணியில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைங்க. பளிச்சுனு ஆயிடும்.

---

காந்திபுரம் டீட்டெய்லிங் | ஞாயிறு, இரவு 10.05

மண்ணெண்ணெய் வேண்டாங்க. வேக்ஸைக் கரைக்கும்கிறது நிஜம். ஆனா அது விட்டுட்டுப் போற எண்ணெய்ப் படலம் தூசை இழுத்துப் பிடிக்கும், கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கை ஊத வெச்சுடும்.

டப்பா டூப்ளிகேட் இல்லீங்க. கதவு ரெண்டும் நல்லா வந்திருக்குதே, அதுவே சாட்சி. ஒரே வேக்ஸ், ஒரே கை. மாறினது சூடும், ஊற வெச்ச நேரமும்.

முதல்ல அந்த "100%". சுத்தமான கார்னாபா சில்லு சில்லா உடையுற அளவுக்குக் கெட்டியான மெழுகு. உருகவே 82-லிருந்து 86 டிகிரி வேணும். பிரேசிலோட வடகிழக்குல, சியாரா, பியாவுயி பக்கம் வளர்ற ஒரு பனையோட இலையில படியுறது. நம்ம பனை மாதிரியே விசிறி ஓலை. வறண்ட வெயில்ல தண்ணி ஆவியாகாம இருக்க ஓலை தனக்குத்தானே பூசிக்கிற மெழுகு அது. ஓலையை வெட்டி, காய வெச்சு, தட்டி உதிர்க்கறாங்க. அதை அப்படியே விரல்ல எடுத்துக் காருக்குப் பூச முடியாது. கரைப்பான், எண்ணெய், தேன்மெழுகு எல்லாம் கலந்தாத்தான் பேஸ்ட் ஆகும். அதனால மூடியில இருக்கிற நம்பரை டப்பா முழுக்க கார்னாபான்னு படிக்காதீங்க.

இப்ப பேனட். வண்டி ஓடி வந்தது, அடியில இன்ஜின் சூடு, மேல 10 மணி வெயில். கருப்பு பேனட் வெயில்ல 60 டிகிரியைச் சாதாரணமாத் தாண்டும். அந்தச் சூட்டுல கரைப்பான் உடனே பறந்துடும், மெழுகு ஒட்டிக்கும், எண்ணெய் மட்டும் தனியா மேல நிக்கும். நீங்க பார்க்கிற வானவில் அந்த எண்ணெய்தான். பத்தாததுக்கு, பேனட்ல ஆரம்பிச்சு வண்டியைச் சுத்தி வந்து துடைச்சிருக்கீங்க. அதுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். கார்னாபா பேஸ்டுக்கு 3-லிருந்து 5 நிமிஷம்தான் கணக்கு.

அளவு இன்னொண்ணு. 200 கிராம்ல கால்வாசின்னா 50 கிராம். ஒரு செடானுக்கு 15 கிராம் தாராளம். வேக்ஸ் போடறதுக்கு முன்னும் பின்னும் டப்பாவை சமையல் தராசுல நிறுத்துப் பாருங்க, கை தானா அடங்கிடும். ஸ்பாஞ்சை மெழுகு மேல வெச்சு அரைச் சுத்து திருப்பினா ஒரு கதவுக்குப் போதும். பூசினது வெள்ளையாத் தெரிஞ்சாலே அதிகம். சாய்ஞ்சு பார்த்தா, கண்ணாடி மேல மூச்சு விட்ட மாதிரி ஒரு மங்கல். அவ்வளவுதான் இருக்கணும். தடிமனாப் பூசினா பளபளப்பு ஏறாது. மேலே இருக்கிறது எல்லாம் துணிக்குத்தான் போகும்.

எடுக்கிற வழி: அதே வேக்ஸ்தான் மருந்து. நிழல்ல, பேனட் நல்லா ஆறினப்புறம் (புறங்கையை 10 விநாடி வெச்சா சூடே தெரியக்கூடாது) 2 அடிக்கு 2 அடி இடத்துல ரொம்ப மெல்லிசா புது வேக்ஸ் தேய்ச்சு, அரை நிமிஷத்துக்குள்ள துடைச்சுடுங்க. புது வேக்ஸ்ல இருக்கிற கரைப்பான் பழைய கட்டியை இளக்கிடும். துணியை நாலா மடிச்சு, ஒரு முகம் பிசுபிசுன்னு ஆனதும் அடுத்த முகம். பேனட்டுக்கு மட்டும் 2 துணி வெச்சுக்குங்க. நிறைஞ்ச துணி துடைக்காது, பூசும். அப்படியும் திட்டு நின்னா ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, டிஸ்டில்டு வாட்டர் 3 பங்கு கலந்து ஸ்பிரே பண்ணி எடுத்துட்டு, அந்த பேனலுக்கு மட்டும் திரும்பப் போடலாம். முழு வண்டியையும் கலைக்கத் தேவையில்ல.

பனியன் வேஸ்ட்டைப் பத்தியும் சொல்லணும். திருப்பூர்ல சல்லிசாக் கிடைக்குது, எல்லா ஒர்க்‌ஷாப்லயும் அதுதான். கிரீஸ் துடைக்க அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா அதுல ஓவர்லாக் தையல் இருக்குது, அந்த நூல் பாலியஸ்டர். கருப்பு பெயின்ட்ல மெல்லிசாக் கீறும். 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற கணக்கு) மைக்ரோஃபைபர் துணி 4 வாங்குங்க. தனியாத் துவைங்க, ஃபேப்ரிக் கண்டிஷனர் போடாதீங்க. அதோட பசை இழையில படிஞ்சு, துணி வேக்ஸை உறிஞ்சாம இழுக்க ஆரம்பிச்சுடும்.

---

கரூர் பஸ்பாடி | திங்கள், காலை 6.50

ஃபெண்டர் விஷயம் வேற. 3 வாரப் பெயின்டுக்கு வேக்ஸ் போட்டிருக்கக்கூடாது. பட்டறையில அடிக்கிற பெயின்ட், தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும். உள்ளே இருக்கிற தின்னர் வெளியேறி முடிய வாரக்கணக்காகும். மேல மெழுகு போட்டா அது வெளியேற வழி அடையுது, அதனாலதான் சோர்வு. 60 நாள் பொறுங்க. 90 நாள்னா இன்னும் நல்லது. சூட்டு பூத்ல வேக வெச்சதுன்னா முன்னாடியே தயாராகும், அடிச்ச பெயின்டரைக் கேட்டுக்குங்க.

முக்கியமா அந்த ஃபெண்டர்ல மேல சொன்ன ஆல்கஹால் படக்கூடாது, இளம் பெயின்ட் மங்கிடும். ஷாம்பு மட்டும் போட்டு ரெண்டு மூணு வாஷ் பண்ணுங்க, வேக்ஸ் தானாக் குறையும்.

துடைச்ச துணியில வண்டி கலர் வந்துச்சுங்களா? நாமக்கல் லாரி பாடி மாதிரி எனாமல் அடிச்சதுல வரும், கலருக்கு மேல நிறமில்லாத காப்புப் பூச்சு (கிளியர் கோட்) இல்லாததால. கம்பெனி பெயின்ட்ல துணி கருப்பானா அது பெரும்பாலும் அழுக்குதான்.

---

உடுமலை காத்து | திங்கள், காலை 8.15

வெள்ளை வளையம் வேக்ஸே இல்லீங்க, உப்பு. வேக்ஸ் நல்லாப் பிடிச்சதாலதான் தண்ணி முத்து முத்தா நின்னுருக்குது. ஒவ்வொரு முத்தும் காய்ஞ்சு சுண்டி, அதுல இருந்த உப்பு முழுக்க ஓரத்துல வளையமா இறங்கிடும். உப்புத்தண்ணி இருக்கிற ஊர்ல முத்து கட்டுறது அழகு, ஆனா காய விட்டா அதே அழகு கறையாகும்.

எதுன்னு கண்டுபிடிக்க: வெள்ளை வினிகர் 1 பங்கு, நல்ல தண்ணி 1 பங்கு. துணியை நனைச்சு வளையத்து மேல 1 நிமிஷம் படுக்க வைங்க. கரைஞ்சா உப்பு. கரையாம, நகத்தை ஓட்டினா குழி தட்டுப்பட்டா கிளியர் கோட்டையே அரிச்சிருச்சு, அதுக்கு பாலீஷ்தான் வழி. உங்களது ஒரு நாள் கறை, கரைஞ்சுடும். வினிகர் பட்ட இடத்துல வேக்ஸ் தளரும், அங்கே மட்டும் ஒரு கோட் போட்டுக்குங்க. புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாக் கேட்காதீங்க, அதோட நாரும் கோதும் கீறும்.

இனி வாஷ் போர் தண்ணியில இருக்கட்டும், கடைசி அலசல் மட்டும் மாத்துங்க. டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற கருவி) போட்டுப் பாருங்க, போர் தண்ணி 1,000-ஐத் தாண்டினா ஆச்சரியமில்ல. கடைசி அலசலுக்கு 50-க்குக் கீழ இருந்தா கறை அவ்வளவா விழாது. ஏசி வெளி பைப்ல சொட்டுற தண்ணி கிட்டத்தட்ட டிஸ்டில்டு வாட்டர். ராத்திரி கீழே பக்கெட் வெச்சுப் பிடிச்சு, மெல்லிய துணியில வடிகட்டி, 5 லிட்டரை ரூஃப்ல இருந்து மெதுவா ஊத்துனாப் போதும். ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணி ஆகவே ஆகாது, அதுல உப்பு இன்னும் அதிகம்.

ஆடிக் காத்து நேரம் வேற. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து செம்மண் தூசைத் தூக்கிட்டு வரும். ஸ்பின்னிங் மில் பக்கம்னா பஞ்சுத் தூசும் சேரும். பூசி இன்னும் துடைக்காத வேக்ஸ் மேல அது ஒட்டினா, துடைக்கிற துணியே உப்புத்தாள் ஆயிடும். போர்ட்டிகோவுக்குள்ள, தரையில தண்ணி தெளிச்சுட்டு, காலைல 6-லிருந்து 8-க்குள்ள முடிங்க. காத்து கிளம்பறதுக்குள்ள.

---

தாராபுரம் டூவீலர் | திங்கள், காலை 9.20

குறுக்க வர்றேன், மன்னிச்சுக்குங்க. மேட் கலர் பைக்குக்கு இந்த வேக்ஸ் போடலாங்களா?

---

காந்திபுரம் டீட்டெய்லிங் | திங்கள், காலை 9.41

போடாதீங்க. திட்டுத் திட்டா மினுக்கம் ஏறும், அதைத் திருப்பி மேட்டாக்கறது கஷ்டம். சைலன்சர்லயும் வேண்டாம், சூட்டுல உருகிக் கறையாகும்.

பெருந்துறை நண்பருக்கு, பிளாஸ்டிக் வெள்ளைக் கோட்டை விட்டுட்டோம். ஆல் பர்ப்பஸ் கிளீனர் 1 பங்கு, தண்ணி 10 பங்கு, பழைய மெத்துன்னு இருக்கிற டூத்பிரஷ். வாரி வாரித் தேய்ச்சு ஈரத்துணியில எடுங்க. பிளாஸ்டிக்கோட சொரசொரப்புப் பள்ளத்துல மெழுகு உக்காந்திருக்கும், துணி மட்டும் அங்கே இறங்காது. அடுத்த தடவை பூசறதுக்கு முன்னாடி ஓரத்துல மாஸ்கிங் டேப்.

---

பெருந்துறை செடான் | செவ்வாய், காலை 7.55

அண்ணா, பேனட்ல வலது பாதி பண்ணிப் பார்த்தேனுங்க. நிழல்ல, மெல்லிசா, உடனே துடைச்சேன். பால் திட்டு போயிடுச்சு. வினிகர்ல வளையமும் கரைஞ்சுது. துணியில கருப்பு வரல. ஆனா துடைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு அதே இடத்துல லேசா மறுபடி மங்கல் வந்திருக்குதே?

---

காந்திபுரம் டீட்டெய்லிங் | செவ்வாய், காலை 8.20

அது வேக்ஸ் வேர்க்குறதுங்க. உள்ளே மிஞ்சின எண்ணெய் மேல வருது. காய்ஞ்ச சுத்தமான துணியில, அழுத்தாம ஒரு தடவை ஓட்டுங்க, நின்னுடும். சாயந்தரம் இன்னொரு தடவை பார்த்துக்குங்க.

ரெண்டாவது கோட் போடறதா இருந்தா நாளைக்குக் காலைல. பூசி 3 நிமிஷம் கழிச்சு சுண்டுவிரலால ஒரு கோடு இழுங்க. கோடு தெளிவா மின்னினா துடைக்கலாம், எண்ணெய் மாதிரி இழுபட்டா இன்னும் ஒரு நிமிஷம் விடுங்க. ஃபெண்டரை விட்டுடுங்க.

நம்ம வெயில்ல இது 4-லிருந்து 8 வாரம் தாங்கும். முத்து கட்டாம தண்ணி தட்டையாப் பரவ ஆரம்பிச்சா அடுத்த கோட். பறவை எச்சத்தை வேக்ஸ் ரொம்ப நேரம் தாங்காது, அன்னிக்கே ஊற வெச்சு எடுத்துடுங்க. டப்பாவை கார் டிக்கியில வைக்காதீங்க. வெயில்ல எண்ணெய் தனியாப் பிரிஞ்சு, மேல மெத்துன்னும் அடியில கல்லு மாதிரியும் ஆயிடும்.