‘ஃப்ளூயிட் பெட்’ – தமிழில் என்ன? வியாழன் மாலைக்குள் வேண்டும்

பவானி, பயிற்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம்.

கோடைப் பயிற்சிக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் மேட்டூர் அணைப் பக்கத்துப் பிள்ளைகள். அப்பா பரிசலில் போய் வலை போடுகிறவர், மகன் ஈயத்தலை வைத்த தூண்டில் முள் வார்த்து விற்கிறவன். அந்தத் தலைக்கு எனாமல் பெயிண்டோ நகச்சாயமோ பூசுகிறார்கள். பாறையில் நாலு தடவை இடித்தால் உரிந்துபோகிறது. பவுடர் கோட்டிங், அதாவது வண்ணப் பொடியைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு, அவ்வளவு சீக்கிரம் உரியாது. வீட்டிலேயே அதைச் செய்ய ஒரு சின்னக் கருவி கட்டுவதுதான் பாடம்.

மூன்று அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டு துண்டு. கீழ்த்துண்டின் அடியை மூடிபோட்டு அடைத்து, பக்கத்தில் ஒரு துளை. மீன்தொட்டிக் காற்றுப் பம்பின் ட்யூப் அதில் நுழையும். மேல்துண்டு பொடி நிற்கும் கிண்ணம். இரண்டுக்கும் நடுவில், காற்றை விட்டுப் பொடியை விடாத தாளோ நெருங்க நெய்த துணியோ இழுத்துக் கட்ட வேண்டும். காபி வடிகட்டும் தாள் போதும். பம்பு ஓடினால் பொடி உப்பி எழுந்து தண்ணீர் மாதிரி தளும்பும். முள்ளை இடுக்கியில் பிடித்து, ஈயத்தலையை ஹீட் கன் முன்னால் சில நொடி காட்டி, பொடிக்குள் ஒரு முக்கு முக்கி எடுத்து, ஒரு தட்டு. தொட்ட பொடி உருகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஓவனில் 180 டிகிரி செல்சியஸ் அளவில் கால் மணி முதல் இருபது நிமிடம், பொடி டப்பாவில் போட்டிருக்கும் கணக்குப்படி. ஈயம் உருக 327 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் தலைக்கு ஒன்றும் ஆகாது. சமைக்கிற ஓவனை இதற்கு எடுக்கக் கூடாது, ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

எனக்கு வேண்டிய சொற்கள்: ஃப்ளூயிட் பெட் (காற்றில் பொடி தளும்பும் இந்தக் கருவி), பவுடர் கோட்டிங், நடுவில் கட்டும் அந்தத் தாள், அப்புறம் ஜிக் (ஈயத்தலை வைத்த அந்த முள்). உதவுங்கள்.

பீளமேடு, ஓய்வுபெற்ற இயந்திரவியல் பேராசிரியர்:

அம்மிணி, முதல் சொல்லுக்குப் புதிதாக எதுவும் தேட வேண்டியதில்லை. நீர்மம், வளிமம் இரண்டுக்கும் பொதுவாகப் பாய்மம் என்ற சொல் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. பெட் என்றால் படுகை. ஆகவே பாய்மப் படுகை.

நடப்பது இதுதான். கீழிருந்து வரும் காற்று ஒவ்வொரு துகளையும் மேலே தள்ளுகிறது. அந்த விசை பொடியின் எடைக்குச் சமமாகும் வரை காற்று இடுக்கு வழியாகக் கசிந்து போகும், பொடி அசையாது. சமமானவுடன் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பது போய், மொத்தமும் நீர்மம் மாதிரி நடந்துகொள்கிறது. இதைத் தூண்டில்காரர்களுக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1920களில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்ளர் நிலக்கரியை வளிமமாக்க இந்த முறையைக் கொண்டுவந்தார். 1942இல் அமெரிக்காவின் பேட்டன் ரூஜில் எண்ணெய் பிளக்கும் ஆலை இதே முறையில் ஓடத் தொடங்கியது. பூச்சு வேலைக்குத் திருப்பியவர் எர்வின் கெம்மர், காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1953இல். நம் நெய்வேலியில் 250 மெகாவாட் அலகுகள் இரண்டு பழுப்பு நிலக்கரியைச் சுழலும் பாய்மப் படுகையில்தான் எரிக்கின்றன. அதே பிள்ளை நாளை டிப்ளமோ சேர்ந்து கொதிகலன் படித்தால், இரண்டும் ஒன்று என்று பெயரே அவனுக்குச் சொல்ல வேண்டும்.

ஜிக் விஷயத்தில் எச்சரிக்கை. கோவைப் பட்டறைகளில் ஜிக் என்றால் துளை போடும்போது வேலையைப் பிடித்து வழிகாட்டும் சட்டம். ‘ஜிக்கைச் சூடாக்கிப் பொடியில் முக்கவும்’ என்று அச்சடித்தால் நம் ஊர் டர்னர் திகைத்துப்போவார்.

கோபி, தமிழாசிரியர்:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். படுகை என்றதும் என் மனம் காவிரிக்குப் போகிறது. படு என்ற வினையடி தங்குவதையும் கிடப்பதையும் குறிக்கும். இங்கே பொடி கிடக்கவில்லை, எழுகிறது. சொல்லும் பொருளும் எதிரெதிரே போகின்றன.

பாத்தி என்ற சொல்லை யாரும் நினைக்கவில்லையே! பகுத்து என்பது பாத்து என நீளும். வள்ளுவர் சொல்லும் ‘பாத்தூண்’ பகுத்து உண்ணும் ஊண். பாத்தி அந்த வழியில் வந்தது. கீரைப் பாத்திக்கு ஒரு மூலையில் மடை திறந்தால் போதும், தண்ணீர் எல்லா மூலைக்கும் சமமாகப் போய்ச் சேரும். இந்தக் கருவியிலும் காற்று பக்கவாட்டில் ஒரு துளை வழியாக நுழைந்து தாள் முழுக்கச் சமமாகப் பரவுகிறது. தொழிலுக்கும் இது புதிய சொல் இல்லை, உப்புப் பாத்தி இருக்கிறது. காற்றுப் பாத்தி என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு எவ்வளவு இதமாக இருக்கிறது!

பொடிக்கும் ஒரு சொல் தருகிறேன். குறுந்தொகை இரண்டாம் பாட்டு ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்று தொடங்குகிறது. கொங்குக்குத் தேன் என்றும் பூந்தாது என்றும் பொருள் உண்டு. பூந்தாதை விட நுண்ணிய பொடி எது? கொங்குப் பூச்சு என்றால் நம் நாட்டின் பெயரும் அதில் வந்துவிடுகிறது.

ஜிக்குக்கு எங்கும் தேட வேண்டாம். ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று’ என்கிறது குறள். இரைக்குள் மறைந்திருக்கும் உலோகம்தான் தூண்டிற்பொன். பரிமேலழகர் அங்கே பொன்னுக்கு இரும்பு என்றே பொருள் கொள்கிறார். ஈயத்தையும் பொன் என்று சொல்வதில் தடை என்ன? இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கும்போது நாம் எதற்குக் கடன் கேட்க வேண்டும்?

கணபதி, பவுடர் கோட்டிங் பட்டறை:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கொங்குப் பூச்சு என்று பலகை எழுதி வைத்தால் வருகிறவர் கல்யாண வீட்டுக்குச் சந்தனம் கேட்பார்.

எங்கள் பட்டறையில் பவுடர் தெளிக்கும் கன்னுக்குப் பவுடர் அனுப்பும் ஹாப்பர் என்ற கலத்தின் அடியிலும் இதே ஏற்பாடு உண்டு. பையன்கள் அதற்குப் பெயரே வைக்கவில்லை. காற்றுத் திறந்ததும் ‘பவுடர் கொதிக்குதுங்க’ என்பார்கள். சரியாகக் கொதித்தால்தான் கன் சீராக அடிக்கும். நடுவில் ஓட்டை விழுந்து அது வழியாகவே காற்று போனால் ‘கொதி இல்லைங்க’ என்று பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவார்கள். கொதிபொடித் தொட்டி என்று போடுங்கள், எல்லோருக்கும் விளங்கும்.

கையேட்டில் இன்னொன்றும் சேர்த்துவிடுங்கள் அம்மா. கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் ஈரமும் வரும், பவுடர் கட்டிபிடிக்கும். சின்ன வேலைக்கு மீன்தொட்டிப் பம்பே நல்லது. ட்யூபில் ஒரு வால்வு வைத்தால் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். மூக்குக்கு முகமூடி கட்டாயம். சூடு அதிகமான தலையை முக்கினால் பவுடர் தடித்து ஏறி முள்ளின் காது அடைபடும். ஓவனுக்குப் போகுமுன் ஊசியால் குத்தித் திறந்துவிட வேண்டும், வெந்த பிறகு திறப்பது பெரும்பாடு.

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்:

அண்ணா சொன்ன ‘கொதிக்குது’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எழுத்தில் வரும்போது ஆபத்து. அந்தப் பொடி குளிர்ந்த பொடி. விரல் விட்டால் சுடாது. கையேட்டில் கொதி என்று படிக்கிற பதினெட்டு வயதுப் பையன் கிண்ணத்தை அடுப்பில் வைத்துவிட்டால்? பி.வி.சி. உருகும், பொடி கட்டியாகும், புகை வேறு. செய்முறை நூலில் ஒரு சொல் கையைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பொங்கு என்ற வினை இருக்கிறதே. சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொங்கலாம். நுரை பொங்குகிறது, கடல் பொங்குகிறது. சங்கப் பாட்டில் பொங்கு திரை உண்டு. பொங்கு தொட்டி என்று வையுங்கள். ஊறுகாய் போல வினைத்தொகை. பொங்கிய, பொங்குகின்ற, பொங்கும் மூன்றும் அடங்கும். நடுவில் வல்லெழுத்து மிகாது. ‘பொங்குத் தொட்டி’ என்று யாராவது ஒற்றுப் போட்டுத் திருத்திவிடாமல் அச்சகத்தில் சொல்லிவையுங்கள்.

நடுவில் கட்டும் தாளுக்கு வேடு. ஊறுகாய் ஜாடியின் வாயில் துணியை இழுத்துக் கட்டுவதை எங்கள் வீட்டில் வேடு கட்டுவது என்றுதான் சொல்வோம்.

கோபி, தமிழாசிரியர்:

வேடு அருமை. மறுபேச்சே இல்லை.

பீளமேடு, பேராசிரியர்:

வேடு சரி. சவ்வு என்று போட்டிருந்தால் உயிரியல் வகுப்புக்குப் போயிருக்கும்.

பொங்கு தொட்டியை ஏற்க முடியவில்லை. நம் ஊரில் பொங்கல் என்றால் பானை விளிம்பைத் தாண்டி வழிய வேண்டும், அப்போதுதான் குலவை. இந்தக் கருவியில் பொடி விளிம்பைத் தாண்டினால் காற்று அதிகம் என்று பொருள். தவறான நிலையைச் சரியான நிலையின் பெயராக வைக்கிறீர்கள். கை தவறான இடத்துக்குப் போகக் கூடாது என்று நீங்கள் சொன்ன அளவுகோல் இதற்கும் பொருந்தும்.

இரண்டாவது, பெட் என்பது பொடியின் நிலை. தொட்டி என்பது பாத்திரம். நெய்வேலிக் கொதிகலனுக்குள் தொட்டி எங்கே இருக்கிறது?

ஈரோடு, மொழிபெயர்ப்பாளர்:

‘பால் பொங்கி வழிந்தது’ என்று இரண்டு வினை எதற்காகச் சொல்கிறோம் ஐயா? பொங்குவது எழுவது, வழிவது வேறு. கையேட்டில் ‘பொடி பொங்க வேண்டும், வழியக் கூடாது’ என்று ஒரு வரி போட்டால், வால்வை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதே அதில் வந்துவிடும். பாய்மப் படுகையை வைத்து இப்படி ஒரு வரி எழுதிக்காட்டுங்கள்.

வால்பாறை, தேயிலைத் தொழிற்சாலை:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்துவது இதே முறையில்தான். துளைத்தட்டின் கீழிருந்து சூடான காற்று வரும், தூள் மிதந்துகொண்டே நகர்ந்து உலரும். ஃப்ளூயிட் பெட் டிரையர் என்பதைச் சுருக்கி எல்லோரும் எஃப்.பி.டி. என்றே சொல்கிறோம். எங்களுக்கும் ஒரு சொல் கிடைத்தால் நல்லது. ஆனால் தொட்டி எங்களுக்கு ஒத்துவராது, எங்களுடையது நீளமான தட்டு. படுகை பொருந்தும். பாத்தியும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கோபி, தமிழாசிரியர்:

பாத்திக்கு ஒரு வாக்கு! வால்பாறை நண்பருக்கு நன்றி.

இந்த மண்ணில் இந்த வேலை நேற்றுத் தொடங்கியதல்ல என்பதையும் நினைவில் வைப்போம். 1916இலேயே சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்காகச் சங்கம் வைத்தார்கள். அந்தக் காலத்துச் சொற்களில் வடமொழி மிகுதி, ஆக்சிஜனைப் பிராணவாயு என்றோம். பிறகு உயிர்வளி வந்தது. இரண்டும் இன்று நமக்குப் புரிகின்றன. அதனால் புரியாது, புரியாது என்று அஞ்ச வேண்டாம். பத்து வருடம் புழங்கினால் தூண்டிற்பொன்னும் புரியும்.

கணபதி, பவுடர் கோட்டிங் பட்டறை:

பத்து வருடம் சரிங்க ஐயா. கையேடு வியாழக்கிழமை போகிறதே.

பவானி, பயிற்சி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. பக்கங்களை அனுப்பிவிட்டேன். என்ன போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

கருவியின் பெயர் பொங்கு தொட்டி. ஈரோட்டு அம்மாவும், எனக்குத் தனியாக எழுதிய பட்டறைக்காரரும் இன்னும் சிலரும் இதைத்தான் விரும்பினார்கள். அந்த ‘பொங்க வேண்டும், வழியக் கூடாது’ வரி அப்படியே வருகிறது. அடுத்த வரியில், காற்று ஒரே ஓட்டை வழியாகப் போனால் பக்கத்தில் தட்டவும் என்றிருக்கிறது. பேராசிரியர் ஐயா சொன்ன தத்துவத்தை விளக்கும் பத்தியில், பொடியின் அந்த நிலைக்குப் பாய்மப் படுகை என்று பெயர், கொதிகலனிலும் தேயிலை உலர்த்தியிலும் இதுவே நடக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

பவுடர் கோட்டிங்குக்குப் பொடிப்பூச்சு. பூசு என்றால் கையால் தடவுவது, இங்கே உருகி ஒட்டுகிறது, ஆகவே உருக்குப்பூச்சு வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எஃகுக்குப் பூச்சு என்றாகிவிடும் என்பதால் எடுக்கவில்லை. ஜிக்குக்கு ஈயத்தலை முள். பிள்ளைகள் ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறார்கள், அதை மாற்ற எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. தமிழாசிரியர் ஐயா, தூண்டிற்பொன் குறளை முதல் பக்கத்தில் உரையோடு போட்டிருக்கிறேன். வேடு, வேடுதான்.

பீளமேடு, பேராசிரியர்:

நல்லபடியாக வரட்டும் அம்மிணி. ஆனால் என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். ஒரே பொருளுக்கு வகுப்பில் ஒரு பெயரும் பட்டறையில் ஒரு பெயரும் வைப்பதால்தான் நம் பிள்ளைகள் தேர்வில் எழுதியதைக் கையில் செய்ய முடியாமல் நிற்கிறார்கள். அடுத்த பதிப்பில் தலைப்பிலேயே பாய்மப் படுகை வர வேண்டும். அதற்கு ‘வழியக் கூடாது’ மாதிரி ஒரு வரி நான் எழுதித் தருகிறேன்.

கோபி, தமிழாசிரியர்:

அடுத்த பதிப்பு என்றால் பாத்தியையும் மறுபடி பார்க்கலாம் அல்லவா?