கணித ரீச்சர் இல்லை, "வெற்றிடமும் இல்லை" என்கிறார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

கோண்டாவில்_படலை:

வணக்கம். மகள் தரம் 10 படிக்கிறாள். வீட்டிலிருந்து சைக்கிளில் ஏழு நிமிடம், ஒரு மாகாணப் பாடசாலை. பெயர் போடவில்லை, போட்டால் நாளைக் காலையே அதிபர் என்னைக் கூப்பிட்டு விடுவார். முதலாம் தவணை பாதியிலிருந்து அவளுடைய வகுப்புக்கு ஒழுங்கான கணித ரீச்சர் இல்லை. பாடவேளைக்கு யாரோ ஒருவர் வருவார், அநேகமாகச் சங்கீத மிஸ். "சத்தம் போடாமல் வேறை ஏதும் வேலை இருந்தால் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பாராம். மகளின் கணிதக் கொப்பியைத் திறந்து பார்த்தேன், திகதி மார்ச்சோடு நிற்கிறது, அதற்குப் பிறகு நாலு பக்கம் பூவும் கோலமும்.

அதிபரிடம் போனேன், வலயத்துக்கு அறிவித்துவிட்டேன் என்றார். வலயக் கல்விப் பணிமனைக்குப் போனேன், ஆளைத் தருவது மாகாணம் என்றார்கள். மாகாணத்துக்குப் போன் எடுத்தால், நாலு இடம் மாற்றிக் கொடுத்து கடைசியில் ஒருவர் "உங்கட பாடசாலையில கணிதத்துக்கு வெற்றிடமே இல்லையே" என்கிறார். பந்து மாதிரி உருட்டுகிறார்கள்.

அக்கா சிக்காகோவுக்கு வெளியே இருக்கிறா. அவவிடம் சொன்னால், "இங்கை எண்டால் ஸ்கூல் போர்ட் மீற்றிங்குக்குப் போய் மைக்கில கேட்டுட்டு வருவன், உங்களுக்கு அப்படி ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்கிறா. என்னிடம் பதில் இல்லை. உண்மையாகவே எங்கள் பாடசாலைக்கு மேலே இருப்பது யார்? அப்புறம் இன்னொன்று, பேசாமல் பிள்ளையை யாழ்ப்பாண ரவுண் பாடசாலை ஒன்றுக்கு மாற்றிவிடுவதா? அங்கே பெறுபேறு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.


ஓய்ந்த_வெண்கட்டி:

தம்பி, நான் 31 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன், அதில் எட்டு வருடம் பதில் அதிபர். "வெற்றிடம் இல்லை" என்ற அந்த ஒரு வசனத்தைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

ஒவ்வொரு பாடசாலைக்கும் பாடவாரியாக அங்கீகரித்த ஆளணி என்று ஒரு கணக்கு உண்டு. இத்தனை பிள்ளைகள், இத்தனை வகுப்பு, ஆகவே கணிதத்துக்கு இத்தனை பேர். மேலே இருப்பவர் பார்ப்பது அந்தக் காகிதத்தை. பிரசவ விடுமுறையில் ஒரு ரீச்சர் போனால் 84 நாள் முழுச் சம்பளம், பிறகு 84 நாள் அரைச் சம்பளம், அதற்கும் பிறகு 84 நாள் சம்பளமில்லாமல் என்று நீட்ட முடியும். அது அவவின் உரிமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை காலமும் அந்த இடம் காகிதத்தில் நிரம்பியே இருக்கும். மற்றது இணைப்பு. ஆளின் பெயரும் சம்பளமும் உங்கள் பாடசாலையில், ஆள் படிப்பிப்பது வேறொரு இடத்தில். தற்காலிகம் என்று தொடங்கி மூன்று நாலு வருடம் ஓடியதை நானே கண்டிருக்கிறேன். உங்களுடையது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

மேலே யார் என்று கேட்டீர்கள். கோண்டாவில் என்றால் நல்லூர் கோட்டம். அதற்கு மேலே யாழ்ப்பாண வலயம், அதில் நல்லூர், யாழ்ப்பாணம், கோப்பாய் என்று மூன்று கோட்டங்கள். காங்கேசன்துறை வீதியால் கொஞ்சம் வடக்கே போய் இணுவிலுக்குள் இறங்கினால் உடுவில் கோட்டம், வலிகாம வலயம், அங்கே வேறு பணிப்பாளர். மாவட்டத்தில் இப்படி ஐந்து வலயம், மற்றவை வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். வலயங்களுக்கு மேலே மாகாணக் கல்வித் திணைக்களம், மாகாணக் கல்வி அமைச்சு. யாழ் இந்து, வேம்படி போன்ற தேசியப் பாடசாலைகள் இந்த ஏணியிலேயே இல்லை, அவை நேராகக் கொழும்பு அமைச்சின் கீழ். பாடத்திட்டம் மகரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தில் எழுதுகிறார்கள், பரீட்சையைப் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. அதிபருடைய கையில் உண்மையில் இருப்பது நேரசூசி மட்டும்தான்.

ஆகவே அதிபரோடு சண்டைக்குப் போகாதீர்கள். போய் ஆளணி விபரத்தைக் காட்டச் சொல்லுங்கள், அநேகமான அதிபர் அறைகளில் அது சுவரிலேயே தொங்கும்.


ஷாம்பேர்க்_குளிர்:

உங்கள் அக்கா சொன்னது சரி, ஆனால் பாதி. நானும் சிக்காகோவின் வடமேற்குப் புறநகரில்தான், என் இரண்டு பிள்ளைகளும் 211 என்ற இலக்கமுள்ள பள்ளி மாவட்டத்தில் படித்தவர்கள். இங்கே பள்ளி மாவட்டம் என்பது யாழ்ப்பாண மாவட்டம் போன்ற நிர்வாக மாவட்டம் மாதிரி இல்லை, பள்ளிக்கூடத்துக்கென்றே தனியாக ஒரு சின்ன அரசாங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 211க்குள் 9 தொடக்கம் 12 வரையான வகுப்பு மட்டும், ஐந்து உயர்பள்ளி. எட்டாம் வகுப்பு வரை படிப்பிக்கிற 15, 54 என்பவை வேறு மாவட்டங்கள், அவற்றுக்கு வேறு சபை, வேறு வரி. ஒரே வீட்டுக்காரர் இரண்டு சபைக்கும் வாக்குப் போடுவார்.

சபையில் ஏழு பேர், நாலு வருடப் பதவி, சம்பளம் ஒரு சதமும் இல்லை. அந்த ஏழு பேரும் சேர்ந்து தலைமை நிர்வாகியை வேலைக்கு எடுப்பார்கள், வரவுசெலவை நிறைவேற்றுவார்கள், வீட்டுக்காரரிடம் எவ்வளவு வரி கேட்பது என்று தீர்மானிப்பார்கள். கூட்டம் பகிரங்கமாகத்தான் நடக்க வேண்டும், பொதுமக்கள் பேச நேரம் கொடுக்க வேண்டும், இது இலினொய் மாநிலச் சட்டம். நானும் ஒருமுறை பஸ் விஷயமாக எழும்பிப் பேசியிருக்கிறேன், கால் நடுங்கினது வேறு கதை. அங்கேயே யாரும் பதில் சொல்லமாட்டார்கள். கேட்டுக்கொண்டு இருப்பார்கள், குறிப்பெடுப்பார்கள், நன்றி என்பார்கள். பிறகு ஒரு கிழமைக்குள் ஒரு அதிகாரி போன் எடுத்தார்.

இப்போது மற்றப் பாதி. காசு பெரும்பாலும் அந்த ஊர் வீடு வளவுகளின் வரியிலிருந்து வருவதால் வசதியான ஊருக்கு நல்ல ஆய்வுகூடமும் நீச்சல் குளமும், இல்லாத ஊருக்கு ஒழுகிற கூரை. மாநிலம் கொஞ்சம் ஈடுகட்டப் பார்க்கிறது, முழுக்க முடிவதில்லை. தேர்தல் ஒற்றை வருட ஏப்ரலில் வரும், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது நடந்ததே தெரியாது. இலங்கையில் ரீச்சர் சம்பளம் திறைசேரியிலிருந்து வருகிறது, நெடுந்தீவில் படிப்பித்தாலும் நல்லூரில் படிப்பித்தாலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். அதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.


நாவற்குழி_உப்பு:

சம்பளம் ஒன்றுதான், ஆள் போனால்தானே. குறிகட்டுவானில் காலை வள்ளம் பிடித்து நெடுந்தீவு போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சபை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கும் சபை இருந்தது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்தது 1987இல், மாகாணப் பாடசாலைகள் மாகாண சபைக்குப் போனது அதனால்தான். வடக்குக்குத் தனியாக முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில், 38 உறுப்பினர், ஒரு கல்வி அமைச்சர். அந்தச் சபை கல்விக்கு என்னத்தை வெட்டி விழுத்தியது என்று நீங்கள் கேட்டால் நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனாலும் பெயர் தெரிந்த ஒரு ஆள் இருந்தார், வீட்டு வாசலில் போய் நிற்கலாம், அடுத்த முறை வாக்குப் போடமாட்டேன் என்று சொல்லலாம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது, பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் செயலாளர்களும் நடத்துகிறார்கள். படலையின் அக்கா கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான், அந்தக் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது.


ரியூட்டரி_வாங்கு:

எல்லாரும் இவ்வளவு எழுதுகிறீர்கள். பிள்ளையைக் கணிதத்துக்கு ரியூசன் விட்டால் முடிந்தது. ஊர் முழுக்க அதைத்தானே செய்கிறது.


ஓய்ந்த_வெண்கட்டி:

அதனால்தான் தம்பி யாரும் கேட்பதில்லை. ரியூசன் காசு கட்டக்கூடிய தாய் தகப்பன் வாய் திறக்கமாட்டார்கள், கட்ட முடியாதவர்களுக்குப் பணிமனை வாசலில் நிற்கப் பயம். அந்த வகுப்பில் 34 பிள்ளை என்றால் எத்தனை பேர் ரியூசன் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.


மதில்மேல்_அணில்:

ரவுணுக்கு மாற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். என் மகனை மாற்றியவள் நான்.

பெறுபேறு வந்த கிழமை பாடசாலை மதில்களில் பதாகை தொங்கும், பார்த்திருப்பீர்கள். சாதாரண தரத்தில் 9ஏ, அதாவது ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்த பிள்ளைகளின் படம் வரிசையாக. எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்று ஒரு பதாகையிலும் இருக்காது. 15 பேர் 9ஏ என்று போட்டிருக்கும், எழுதியது 40 பேரா 240 பேரா என்பதைப் பொறுத்து அது இரண்டு வேறு பாடசாலை. நீங்கள் கேட்க வேண்டியது எழுதியவர்களில் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் எத்தனை வீதம், கணிதத்தில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை, எத்தனை பேர் என்று.

அதையும் அப்படியே ஒப்பிட முடியாது. தரம் 5 புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைப் பார்த்து நல்ல புள்ளிக்காரரைத் தரம் 6இலேயே பெரிய பாடசாலைகள் அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சம் இருக்கிற பிள்ளைகளோடுதான் கோண்டாவில், கோண்டாவில் கிழக்கு, உரும்பிராய்ப் பாடசாலைகள் ஓட வேண்டும். மட்டுமட்டாக வந்த பிள்ளைக்கு ஆறு பாடம் சித்தி எடுத்துக் கொடுக்கிற ரீச்சருக்கு யார் பதாகை கட்டினார்கள்? 2017 உயர்தரத்தில் கணிதப் பிரிவில் அகில இலங்கை முதலிடம் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்கு வந்தது, நாங்கள் எல்லாரும் மார் தட்டினோம், நானும்தான். அதே காலத்தில் சாதாரண தரத் தகுதி வீதத்தில் வட மாகாணம் ஒன்பது மாகாணத்தில் அடிப்பக்கத்தில் கிடந்தது. உச்சியையும் அடியையும் ஒரே ஊரில் வைத்திருக்கிறோம்.

என் மகன் ரவுணில் 45 பேர் வகுப்பில் கடைசி வாங்கில் போய் இருந்தான். ரீச்சர் இருந்தார், படிப்பித்தார், ஆனால் ரியூசனில் முதலே படித்துவிட்டு வந்த பிள்ளைகளின் வேகத்துக்கு. இவனுக்கு ஒரு வருடம் போயிற்று அதைப் பிடிக்க. தரம் 10 நடுவில் மாற்றாதீர்கள் என்பது என் கருத்து. கணிதம் சித்தி இல்லையென்றால் உயர்தரப் பாதை எவ்வளவு ஒடுங்கும் என்று உங்களுக்குத் தெரியும், இருக்கிற இடத்தில் ரீச்சரைக் கொண்டுவரப் பாருங்கள்.


புங்கன்குளம்_சந்தி:

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வலயத்தில் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் ரீச்சர் இல்லை என்று எழுதாதீர்கள், அதற்கு "ஆவன செய்யப்படும்" என்று வரும். இந்தப் பாடசாலையில் கணிதத்துக்கு அங்கீகரித்த ஆளணி எத்தனை, அதில் இன்று வேறு இடத்துக்கு இணைக்கப்பட்டவர் எத்தனை, இணைப்புக் கடிதத்தின் பிரதி, முடிவுத் திகதி. இவ்வளவும் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதில் வர முதலே சில நேரம் ஆள் வந்துவிடும், அது தனிப் பகிடி.

பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டத்துக்கும் போங்கள். தலைவர் அதிபர்தான், என்றாலும் கூட்ட அறிக்கையில் ஏறினால் அது ஒரு ஆவணம். எங்கள் ஊரில் அந்தக் கூட்டம் இரண்டு மணித்தியாலம் நடந்தால் ஒன்றரை மணித்தியாலம் கனடாப் பழைய மாணவர் அனுப்பிய காசில் வாசல் வளைவு கட்டுவதா மண்டபத்துக்கு ஓடு மாற்றுவதா என்பதிலேயே போகும். தொண்டர் ஆசிரியர் ஒருவருக்கு மாதாமாதம் கொடுக்கக் காசு கேட்டால் மட்டும் எல்லாரும் நிலத்தைப் பார்ப்பார்கள்.


கோண்டாவில்_படலை:

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை அதிபரின் அறைக்குப் போனேன். வெண்கட்டி ஐயா சொன்ன மாதிரியே அவருடைய கதிரைக்குப் பின்னால் பலகை, பாடம், தேவை, இருப்பு என்று மூன்று நிரல். கணிதம், தேவை 4, இருப்பு 4. இத்தனை நாள் அதற்கு முன்னால் இருந்துதான் கதைத்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. விரலால் காட்டி, சேர் இந்த நாலு பேரும் இன்றைக்கு எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். ஒருவர் பிரசவ விடுமுறை. ஒருவர் ரவுணில் ஒரு பாடசாலைக்கு இணைப்பில் போய் இரண்டாவது வருடம். மிச்சம் இரண்டு பேரும் தரம் 11ஐயும் கீழ் வகுப்புகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"நான் எழுதினால் பைலுக்குள் போகும், நீங்கள் எழுதுங்கோ" என்றார். விண்ணப்பத்தை நேற்று வலயத்தில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியும் வாங்கிவிட்டேன். வகுப்பில் இன்னும் ஆறு பெற்றோர் கையெழுத்து வைத்தார்கள், இரண்டு பேர் பிள்ளைக்கு ஏதும் பிரச்சினை வருமோ என்று மாட்டோம் என்றார்கள். அக்காவுக்குச் சொன்னேன், "மைக் கிடைச்சுதோ?" என்று கேட்டா. மைக் இல்லை, முத்திரை கிடைச்சது என்றேன்.