ஆப்பிள் சைடர் வீட்டில் காய்ச்சியவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

பெரம்பூர்க்காரன்:

டிசம்பர் பிறந்தால் பெரம்பூர், அயனாவரம் பக்கம் கேரல் பாடுகிற கூட்டம் ராத்திரி பதினொன்றுக்குக்கூட வந்து கதவைத் தட்டும். ஒரு கிடார், ஒரு டிரம், சாண்டா வேஷத்தில் ஓர் ஒல்லிப் பையன். போகிற வீட்டிலெல்லாம் டீயும் கேக்கும்தான். எங்கள் தெருவுக்கு வருவதற்குள் டீ டம்ளரைப் பார்த்தாலே அவர்கள் முகம் சுருங்கிவிடும். அதனால் போன கிறிஸ்துமஸுக்கு மசாலா போட்டு ஆப்பிள் சைடர் காய்ச்சிக் கொடுத்தோம். கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஆட்டுக்கால் சூப்பா?" என்றார். பட்டையும் கிராம்பும் மணந்தால் நம்ம ஏரியாவில் வேறு எது ஞாபகம் வரும்? அவரே அப்புறம் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இது போதை சமாச்சாரம் இல்லை. இங்கிலாந்தில் சைடர் என்று கேட்டால் புளிக்கவைத்ததைத்தான் கொடுப்பார்கள். அமெரிக்காவில் குளிர்காலத்தில் சூடாகக் குடிப்பது, ஆப்பிளை நசுக்கிப் பிழிந்த, தெளியவிடாத சாறு. நம் வீட்டில் அதற்கான பிழியும் இயந்திரம் கிடையாது. பழத்தை நறுக்கி, தண்ணீரில் வேகவிட்டுச் சாறு இறக்க வேண்டியதுதான்.

நான் செய்கிற கணக்கு: ஒரு கிலோ ஆப்பிளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். தோலோடு நாலாக நறுக்கி, விதையை எடுத்துவிட வேண்டும். விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு ஐந்து, அன்னாசிப்பூ ஒன்றே ஒன்று, சின்னத் துண்டு இஞ்சி. எவர்சில்வர் பாத்திரத்தில் சின்னத் தீயில் இரண்டு மணி நேரம். பழம் குழைந்ததும் மத்தால் மசித்து இன்னும் அரைமணி. பழைய வேட்டித் துணியில் ஊற்றித் தொங்கவிட்டால் சாறு தானாக இறங்கும். அவசரப்பட்டுத் துணியை முறுக்கினால் கலங்கிப்போய்க் கூழ் மாதிரி வரும். நாட்டுச்சர்க்கரையைக் கடைசியில், நாக்கில் விட்டுப் பார்த்துப் போடுங்கள். முதலிலேயே போட்டால் வற்ற வற்றத் தித்திப்பு ஏறிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது புளிப்பைப் பற்றி. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. நம் தள்ளுவண்டியில் வருகிற சிம்லா ஆப்பிளும் காஷ்மீர் ஆப்பிளும் பெரும்பாலும் டெலிசியஸ் வகை. கடித்துத் தின்ன அருமை, ஆனால் தித்திப்பு மட்டும்தான். காய்ச்சினால் சப்பென்று சர்க்கரைத் தண்ணியாகிவிடும். சைடருக்குப் பேர்போன ஊர்களில் இனிப்புப் பழம், புளிப்புப் பழம், துவர்ப்புப் பழம் மூன்றையும் கலந்துதான் பிழிகிறார்கள். எனக்கு எலுமிச்சையே போதும். கிலோவுக்கு ஒரு பழம், அடுப்பை அணைத்த பிறகு. பச்சை ஆப்பிள் இரண்டு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் அது விற்கிற விலைக்கு மனசு வராது.

ஒரு கிளைக்கதை. இந்த டெலிசியஸே அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பிலடெல்பியாக்காரர் சாமுவேல் ஸ்டோக்ஸ் 1904-ல் இந்தியாவுக்கு வந்தவர். சிம்லாவுக்கு மேலே கோட்கர் மலையில் தங்கி, 1916 வாக்கில் அங்கே ரெட் டெலிசியஸ் கன்றுகளை நட்டார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1932-ல் இந்துவாக மாறி சத்யானந்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஆக, நாம் பெரம்பூரில் காய்ச்சுவது அமெரிக்கப் பானம் என்று யாராவது மூக்கைச் சுளித்தால், பழமும் அமெரிக்காதான் என்று சொல்லிவிடலாம்.

பளபளவென்று மெழுகு பூசிய வெளிநாட்டுப் பழம் இதற்கு வேண்டவே வேண்டாம். ஸ்டேஷன் பக்கம் சாயங்காலம் கூறு போட்டு விற்பார்கள் பாருங்கள், அடிபட்டது, சின்னது, தோல் சுருங்கியது, அதை வாங்குங்கள். அடிபட்ட இடம் பழுப்பாக இருந்தால் பரவாயில்லை. பூஞ்சை பிடித்திருந்தால் அந்தப் பழத்தையே தூக்கிப் போட்டுவிடுங்கள். வெட்டி எடுத்துவிட்டு மீதியைப் போடுகிற சிக்கனம் இதில் ஆகாது.

மண்ணடி மிளகு:

பெரம்பூர் அண்ணனுக்கு வணக்கம். நான் கொத்தவால்சாவடிப் பக்கம் மளிகை மொத்த வியாபாரத்தில் இருப்பவன். காய்கறிக் கடைகள் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், மசாலாவுக்கு இன்றைக்கும் இந்தத் தெருக்களுக்குத்தான் வருகிறார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கினால் கேக்குக்கும் இஞ்சி ஒயினுக்கும் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் வாங்க ராயபுரம், பெரம்பூர் ஆன்ட்டிகள் வருவார்கள். அவர்களில் ஒருவர் கடையிலேயே எனக்குப் பாடம் எடுத்தார்.

நான் தடித்த பட்டையை எடுத்துப் போட்டேன். ஆன்ட்டி அதைத் தள்ளிவிட்டு, "இது பிரியாணிக்கு. எனக்குச் சிலோன் பட்டை கொடு" என்றார். தடித்து ஒரே சுருளாக, உடைக்கக் கை வலிக்கிற மாதிரி இருப்பது கேசியா. சிலோன் பட்டை காகிதம் போல மெல்லியது, பல அடுக்காகச் சுருட்டி இருக்கும், விரலால் நொறுக்கலாம். கேசியாவில் கூமரின் என்கிற பொருள் அதிகம், சிலோனில் மிகக் குறைவு. கூமரின் நாள்தோறும் அதிகமாகச் சேர்ந்தால் சிலருக்கு ஈரலுக்கு ஆகாது. வருஷத்துக்கு நாலு டம்ளர் குடிப்பவர்களுக்குப் பயமில்லை. ஆனால் தினமும் காய்ச்சுகிற எண்ணம் இருந்தால் சிலோனே வாங்குங்கள். ஒரு சங்கதி, இரண்டு மணி நேரம் கொதித்தால் சிலோன் பட்டையின் மென்மையான மணம் போய்விடும். வடிகட்டிய பிறகு போட்டு, மூடிவைத்து, இருபது நிமிடம் ஊறவிட்டால் போதும். ஆன்ட்டி சொன்னது, நான் செய்தும் பார்த்தேன்.

கிராம்பு வாங்கும்போது தலையில் நகத்தால் அழுத்துங்கள். எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், இல்லாவிட்டால் நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்து மிதக்கும். கூடக் கொஞ்சம் போட்டால் என்ன என்று கைப்பிடி அள்ளிப் போடாதீர்கள், நாக்கு மரத்துப்போகும். ஆன்ட்டி கிராம்பை ஆரஞ்சுத் தோலில் குத்திவைத்துப் பழத்தோடு மிதக்கவிடுவாராம். எடுக்கச் சுலபம், யார் வாயிலும் கடிபடாது. ஆரஞ்சைக் கடைசி அரைமணியில் போட்டால் போதும், இல்லையென்றால் தோலின் வெள்ளைப் பகுதி கசப்பை இறக்கிவிடும்.

ராயபுரம் ரயிலடி:

எதற்கு இவ்வளவு பாடு? சுக்கு, மல்லி தட்டிக் கருப்பட்டி போட்டால் பத்து நிமிடத்தில் சுக்குக் காப்பி. நம்ம ஊர் மார்கழிக் குளிரே இருபது டிகிரிக்கு வந்தால் பெரிய விஷயம், அதற்கு இரண்டரை மணி நேரம் கேஸ் எரியணுமா? அப்புறம், ஆப்பிள்தானே, சுகருக்கு நல்லது என்று எங்கள் அப்பா ஒரு விசேஷ வீட்டில் மூன்று டம்ளர் குடித்துவிட்டு வந்தார். ஆப்பிள் சாற்றில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை, கோலா பாட்டிலில் இருக்கும் அளவேதான். அதற்கு மேல் நாட்டுச்சர்க்கரை வேறு. வீட்டில் சுகர்க்காரர்கள் இருந்தால் இதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பெரம்பூர்க்காரன்:

கடைசியில் சொன்னீங்களே, அது சத்தியமான பேச்சு. சுக்குக் காப்பியோடு சண்டைக்கு நான் வரவில்லை, அதுவும் வேணும். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை: மே மாதம் இதைக் காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்துப் பாருங்கள். வடசென்னைக்குச் சூடான சைடரைவிட ஜில்லென்ற சைடர்தான் பொருத்தம் என்று எனக்கே தோன்றுகிறது.

தண்டையார்பேட்டை அக்கா:

கேஸ் செலவுக்குப் பயந்து குக்கரில் வைக்க நினைப்பவர்கள் கவனிக்கணும். எங்கள் சித்தி வீட்டில் குக்கர் நிறைய ஆப்பிளும் தண்ணீரும் வைத்து மூடினார்கள். ஆப்பிள் வேகும்போது நுரைத்துப் பொங்கும் பண்டம். நுரையும் தோலும் வெயிட் வால்வு ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டன. விசில் வரவே இல்லை, புஸ்ஸென்று ஓரமாகச் சத்தம் மட்டும். நல்லவேளையாகச் சித்தி அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரையும் கூடத்துக்கு விரட்டினார். முழுதாக ஆறும்வரை மூடியைத் தொடவிடவில்லை. பருப்பு மாதிரி நுரைக்கிற எதையும் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஆப்பிளைக் குக்கரில் வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அகலமான பாத்திரம், சின்னத் தீ, பக்கத்தில் வேறு வேலை.

மிக்ஸியில் அரைத்து வடிகட்டுபவர்களும் விதையை எடுத்துவிடுங்கள். ஆப்பிள் விதைக்குள் அமிக்டாலின் இருக்கிறது, அரைபட்டால் அதிலிருந்து சயனைடு பிரியும். முழுசாக ஒன்றிரண்டு விதை விழுங்கினால் ஒன்றும் ஆகாது. கிலோக்கணக்கில் பழத்தை அப்படியே போட்டு அரைப்பது வேண்டாத வேலை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:

ஆப்பிள் சைடர் என்றதும் எங்கள் மாடி வீட்டு அண்ணி, "அது குடிச்சா உடம்பு இளைக்குமாமே" என்று ஓடி வந்தாங்க. அண்ணி, அது வினிகர். இது பழச்சாறு, குடித்தால் உடம்பு ஏறத்தான் செய்யும்.

ஆனால் விட்டுவைத்தால் இதுவே வினிகரை நோக்கித்தான் போகும். மேன்ஷனில் என் பக்கத்து அறைப் பையன் ஏப்ரல் மாதம் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிறையச் சைடர் காய்ச்சி, மூடியை இறுக்கி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு ஊருக்குப் போனான். திரும்பி வந்தபோது பாட்டில் உப்பி உருண்டையாக நின்றது. திறந்ததும் சீலிங் வரைக்கும் அடித்தது. காய்ச்சினாலும் ஆறுகிற நேரத்தில் காற்றிலும் பாத்திரத்திலும் இருக்கிற ஈஸ்ட் வந்து சேர்ந்துவிடும். நம்ம ஊர் முப்பது டிகிரியில் அதற்குக் கொண்டாட்டம். சர்க்கரையைச் சாராயமும் வாயுவுமாக மாற்றிவிடும். அப்புறம் காற்று பட்டால் இன்னொரு கிருமி வந்து அந்தச் சாராயத்தைக் காடியாக்கும்.

இதைப் படித்துவிட்டு, வேணும்னே புளிக்கவைத்துப் பார்க்கலாமே என்று கிளம்பும் தம்பிகளுக்கு: தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் மது தயாரித்தால் குற்றம். காய்ச்சினால் அன்றைக்கே குடியுங்கள். மீந்தால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடியுங்கள்.

வியாசர்பாடி அத்தோ:

பெரம்பூர் அண்ணன் புளிப்பைச் சொன்னார், துவர்ப்பை விட்டுவிட்டார். எங்கள் தாத்தா பர்மாவிலிருந்து வந்தவர், வீட்டில் டீ இல்லாமல் எதுவும் நடக்காது. நான் சைடர் காய்ச்சிய அன்று அம்மா ருசி பார்த்துவிட்டு, "தித்திப்பு இருக்கு, புளிப்பு இருக்கு, தொண்டையில எதுவும் நிக்கலையே" என்று சொல்லி, அடுப்பில் இருந்த டிக்காஷனில் இரண்டு ஸ்பூன் ஊற்றினார். நான் திட்டத் தொடங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பிறகு தேடிப் படித்தால், துவர்ப்புப் பழம் கிடைக்காத வெளிநாட்டுக்காரர்களும் வீட்டில் சைடர் செய்யும்போது கறுப்புத் தேநீர் சேர்ப்பார்களாம், துவர்ப்பைத் தருகிற டானினுக்காக. அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கு எதுக்குடா வெளிநாடு" என்றார்.

அளவு, லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் கெட்டி டிக்காஷன், பால் சர்க்கரை இல்லாமல். அதற்கு மேல் போனால் டீ ருசி தலைதூக்கும். நெல்லிக்காய் சீசனாக இருந்தால் இரண்டு நெல்லிக்காயைத் தட்டிப் பழத்தோடு போடலாம், புளிப்பும் துவர்ப்பும் ஒன்றாகக் கிடைக்கும், எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:

டிக்காஷன் யோசனை புதுசு, இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்கிறேன். பெரம்பூர் தம்பி, துணியில் நிற்கிற சக்கையை என்ன செய்கிறீர்கள்? குப்பையில் போட மனசு வரவில்லை.

பெரம்பூர்க்காரன்:

மசாலாவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சல்லடையில் தேய்த்தால் தோல் மேலே நின்றுவிடும் அக்கா. கீழே இறங்கும் விழுதைச் சர்க்கரையும் ஒரு மூடி எலுமிச்சையும் போட்டு அடிகனமான பாத்திரத்தில் கிளறினால் ஜாம். சாறு இறங்கிவிட்டதால் பழ ருசி கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும், பிள்ளைகள் பன்னில் தடவிக் கொடுத்தால் சாப்பிடுகிறார்கள். பாட்டிலில் போட்டு வைக்காதீர்கள், இரண்டு நாளுக்கு ஆகிற அளவு கிளறினால் போதும்.