எந்தக் கார்ட்டூன் படத்தில் அப்பா சாகமாட்டார்?

பிறை மாமா:
தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறிய கால்வலி இப்போதுதான் தீர்ந்தது. அடுத்த வேண்டுதல் அக்கா மகளுடையது. நோன்புப் பெருநாள் விடுமுறையில் படத்துக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் அப்பா போன வருடம் தவறிவிட்டார்.

டிசம்பரில் ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். அரை மணி நேரத்தில் குட்டி விலங்கின் அப்பா செத்துப்போனார். இவள் அழவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, பாப்கார்ன் போதும், வீட்டுக்குப் போலாம்" என்றாள். பெரிய வாளி, பாதிகூடக் காலியாகவில்லை.

படத்துக்கு 'யு' என்றுதான் போட்டிருந்தார்கள். யார் சாகிறார்கள் என்று எங்கே போடுகிறார்கள்? இந்த வருடம் வரப்போகும் படங்களின் கதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முடிவைச் சொல்லிவிட்டீர்களே என்று கோபப்பட மாட்டேன்.

செந்தூல் பையன்:
மாமா, மார்ச்சில் பிக்ஸாரின் 'ஹாப்பர்ஸ்' வருகிறது. மேபல் என்ற பெண் தன் மனதை ஓர் இயந்திர பீவருக்குள் ஏற்றிக்கொண்டு விலங்குகளோடு பேசுகிறாள். (பீவர் என்றால் மரத்தைப் பல்லால் கடித்து ஆற்றில் அணை கட்டும் பிராணி. பெருச்சாளிக்குத் துடுப்பை வாலாக ஒட்டியதுபோல இருக்கும்.) ஜெர்ரி என்ற மேயர் விலங்குகளின் இடத்துக்கு வேட்டு வைக்கப் பார்க்கிறார், அதைத் தடுக்கத்தான் இந்த வேஷம். முன்னோட்டம் முழுக்கச் சிரிப்புதான்.

ஜூன் 19 அமெரிக்காவில் 'டாய் ஸ்டோரி 5'. பொம்மைகளின் சொந்தக்காரி போனிக்கு இப்போது 8 வயது. லில்லிபேட் என்ற தவளை வடிவ டேப்லெட் வீட்டுக்கு வந்ததும் பொம்மைகளை மறந்துவிடுகிறாள். எங்கள் வீட்டுக் கதையேதான்! 'ஷ்ரெக் 5'க்குக் காத்திருக்காதீர்கள், 2027 ஜூன் 30க்குத் தள்ளிவிட்டார்கள்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
முன்னோட்டத்தை நம்பாதே தம்பி. நீ சொல்லும் பொம்மைப் படத்தை எடுப்பவர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன். 2003இல் நீமோ மீன் கதையை எடுத்தவரும் அவர்தான். அதில் நாம் இருக்கையில் சரியாக உட்காருவதற்குள் அம்மா மீனும் முட்டைகளும் போய்விடும். இந்தத் தடவை கதை ஜெஸ்ஸி என்ற பெண் பொம்மையைச் சுற்றி என்கிறார்கள். 1999இல் வந்த இரண்டாம் பாகத்தில், அவளை வைத்திருந்த எமிலி வளர்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் போனாளே, அதே ஜெஸ்ஸி. அங்கே சாவு கிடையாது, ஆனாலும் என் மகன் அதற்குத்தான் அதிகம் அழுதான்.

மாமாவுக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் மருமகள் நம்மூர் மலாய்க் கார்ட்டூன் தொடர் உப்பின் இப்பின் பார்ப்பாள்தானே? அந்த இரட்டையருக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பாட்டி ஓப்பாவும் அக்கா காக் ரோசும்தான் வளர்க்கிறார்கள். 2007இலிருந்து நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள், யாரும் எழுந்து ஓடியதாகத் தெரியவில்லை. சாவு, கதை தொடங்கும் முன்பே முடிந்துபோனது. நாம் பார்ப்பதெல்லாம் பொரித்த கோழிக்கு அடம்பிடிக்கிற இரண்டு மொட்டைப் பயல்களை. அதனால் சோகமே இல்லாத படம் தேடி அலைய வேண்டாம். என்ன வரும் என்பதைக் காடியில் போகும்போதே சொல்லிவிடுங்கள். திடீரென்று வருவதுதான் பிள்ளையை உலுக்கிவிடும்.

பிறை மாமா:
டீச்சர், இன்று காலை பசியாறும்போது கேட்டேன், உப்பின் இப்பினுக்கு அப்பா எங்கே என்று.

"அவங்களுக்கு இல்ல மாமா. அதான் காக் ரோஸ் அவ்ளோ கத்துறாங்க" என்றாள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. அடுப்படியில் இவளைத் திட்டிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று அமைதியாகிவிட்டாள்.

சரி, பீவருக்கே டிக்கெட் எடுக்கிறேன். முதலில் நான் மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் அவளைக் கூட்டிப் போகிறேன். வாசல் பக்க இருக்கை, சின்ன பாப்கார்ன்.