அலுமினிய பாட்டிலின் கார்பன் கணக்கு மிகக் குறைவாக வருகிறது

750 மி.லி. அலுமினிய பாட்டில் ஒன்றுக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு (ஒரு பொருளால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் பாதிப்பின் கணக்கு) செய்கிறேன். எல்லை, தாது தோண்டுவதிலிருந்து தொழிற்சாலை வாசல் வரை. மென்பொருள் ஓப்பன்எல்சிஏ 2; ஜேசன்-எல்டி என்ற கோப்பு வடிவில் இறக்கிய இலவசத் தரவுத்தளம்; வாயுக்களின் வெப்பமூட்டும் விளைவை 100 ஆண்டுக்குக் கணக்கிடும் ஐபிசிசி முறை. கட்டணத் தரவுத்தளம் வாங்க வழியில்லை.

தாதுவிலிருந்து எடுக்கும் முதன்மை அலுமினியம் ஒரு கிலோவுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு சமானம்கூட (எல்லாப் பசுமைக்குடில் வாயுக்களையும் சேர்த்த அளவு) வரவில்லை. உலகச் சராசரி 10 கிலோவைத் தாண்டும். உருக்குவதற்கே கிலோவுக்குச் சுமார் 14 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். பெரிய பங்கு ஒன்று எங்கோ விடுபடுகிறது.

அலகுகளைப் பார்த்துவிட்டேன், கிலோவாட் மணி, மெகாஜூல் குழப்பம் இல்லை. இயல்பு வழங்குநர்களை (ஒவ்வோர் உள்ளீட்டையும் தருவதாகத் தரவுத்தளம் குறிக்கும் செயல்முறைகள்) சேர்த்தும் புறக்கணித்தும், செயல்முறைகள் இணைந்த அமைப்பை மறுபடி உருவாக்கினேன். ஐபிசிசி முறை அடங்கிய தொகுப்பையும் நீக்கி மறுபடி ஏற்றினேன். எண் அசையவில்லை. வரைபடத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது, மின்சார உள்ளீட்டுக்கு வழங்குநரே இல்லை. உருக்குவதற்கான மூலப்பொருளான அலுமினாவுக்கும் அப்படியே. இந்த மதிப்பீட்டுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 14044 படி, இவ்வளவு முக்கியமான உள்ளீட்டை வெட்டிவிட்டு முடிவை வெளியிட முடியாது. மாத இறுதிக்குள் அறிக்கை தரவேண்டும்.

வேறொரு பொதுத் தரவுத்தளத்தின் மின்சாரச் செயல்முறையை இங்கே இணைக்கும்போது, ஓட்டங்களின் (செயல்முறைக்குள் வரும், வெளியேறும் பொருள், ஆற்றல், உமிழ்வு) அடையாள எண்கள் பொருந்தாமல் உமிழ்வுகள் தொலைந்துபோகாதிருக்க, ஓட்டப் பொருத்தத்தை எந்தக் கட்டத்தில், எப்படிச் செய்ய வேண்டும்?