சலவைத் தண்ணீரின் நுரை ஆற்று மணலில் நிற்கவில்லை, செம்மண்ணில் நின்றுவிடுகிறது, ஏன்?

மலைத்தூறல்:
இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் ஊர். லயத்துக் (தேயிலைத் தோட்டக் குடியிருப்பு) கானில், அதாவது வடிகாலில், ஓடுகிற சலவைத்தூள் தண்ணீரை, அடி வெட்டிய இரண்டு போத்தல்களில் வடித்துப் பார்க்கிறேன். ஒன்றில் கழுவிய வெள்ளை ஆற்று மணல், மற்றதில் தேயிலை மலையில் ஆழத் தோண்டி எடுத்த செம்மண். மணலில் இறங்கிய தண்ணீரைக் குலுக்கினால் அதே நுரை, செம்மண்ணில் இறங்கியதில் ஒன்றுமே இல்லை. செம்மண் பொடியாக இருப்பதால் மட்டும்தானா?

களிமண்காரன்:
பொடியாக இருந்தால் பரப்பு கூடும், அது சரி, ஆனால் பெரிய காரணம் மின்னேற்றம். சலவைத்தூளில் நுரை தருவது பெரும்பாலும் சல்பனேட்டு, அதன் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு, தலை எதிர் மின்னேற்றம் கொண்டது. ஆற்று மணல் அநேகமாகக் குவார்ட்ஸ், பீஎச் (அமில, கார அளவு) 2ஐத் தாண்டினாலே அதன் பரப்பும் எதிர் ஏற்றம்தான், அதனால் தள்ளிவிடும். செம்மண்ணுக்கு நிறம் தருகிற இரும்பு ஒட்சைட்டுகளும் கூட இருக்கும் அலுமினியம் ஒட்சைட்டுகளும் ஏறத்தாழ பீஎச் 7 முதல் 9 வரை போனால்தான் நேர் ஏற்றத்தை இழக்கும். தேயிலை மண் 4.5 – 5.5இல் கிடக்கிறது, தலை போய் ஒட்டாமல் என்ன செய்யும்?

பேராதனை மாணவி:
அண்ணா சொன்னது தலையின் கதை, வாலையும் பாருங்கள். முதலில் ஒவ்வொன்றாக ஒட்டுகிற மூலக்கூறுகள் ஓரளவு சேர்ந்ததும், நீரை விரும்பாத வால்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பரப்பிலேயே திட்டுத் திட்டாகக் கூடும், அந்தக் கட்டத்தில் புறத்துறிஞ்சல், அதாவது பரப்பில் ஒட்டுவது, சட்டென்று ஏறும். காடின், ஃபுயர்ஸ்டெனாவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1955இலேயே இதை அரை மைசெல் என்று விளக்கினார்கள் (மைசெல் என்பது வால்கள் உள்ளே ஒடுங்கி, கரைசலில் இந்த மூலக்கூறுகள் சேரும் சிறு திரள்). கரைசலில் மைசெல் உருவாகத் தொடங்கும் செறிவை எட்டியதும் ஒட்டுவது மேலும் கூடுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஒட்டுவது செறிவைப் பொறுத்தது என்பதால், செறிவு வேறான முதல் அலசலையும் கடைசி அலசலையும் கலக்காமல் தனித்தனியாக வடியுங்கள்.

மலைத்தூறல்:
அப்போ டொலமைட் (மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் சுண்ணக்கல் தூள்) போட்ட மலை மண்ணில் குறைவாகத்தான் ஒட்டுமா?

களிமண்காரன்:
பீஎச் ஏறினால் நேர் ஏற்றம் குறையும், ஆகவே ஒட்டுவதும் குறைய வேண்டும். ஆனால் டொலமைட்டிலிருந்து வரும் கல்சியம் சல்பனேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகி, மண்ணில் ஒட்டாமலேயே நுரையைக் கொன்றுவிடலாம். நுரையை மட்டும் நம்பாதீர்கள். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரோடு சேர்ந்து மெதிலீன் நீலம் என்ற சாயத்தை விட்டுக் குளோரோஃபோமில் பிரித்துப் பாருங்கள், சல்பனேட்டு இருந்தால் நீலம் கீழ்ப்படைக்கு இறங்கும். சலவைத் தண்ணீரே காரம், விட்டுக்கொண்டே போனால் செம்மண்ணும் ஒரு கட்டத்தில் நுரையை விட்டுவிடும், அதனால் வடிந்து வருவதன் பீஎச்சையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். இன்னொன்று, மேல்மண்ணை எடுக்காதீர்கள், இலை மக்கு ஒட்சைட்டுகளை மூடி எதிர் ஏற்றம் கொடுத்துவிடும்.